ஒன்பது குழாய் முற்றம்

பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு,

இங்கு நலம். அங்கு நலமா என்று கேட்டால் சிரிப்பாய். ஆனாலும் முதலில் அதைத்தான் கேட்கிறேன். சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா, வம்புதும்புக்குப் போகாமல் இருக்கிறாயா? அம்மாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. வாய்தான் இறங்கவில்லை. நீ வர இன்னும் எட்டு மாதம் என்று தினமும் காலண்டரைப் பார்த்துக் கணக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

நான் வேலை மாறிவிட்டேன். கல்யாணப் பத்திரிகைக்குப் பூ வரைந்தது போதும் என்றாகிவிட்டது. இப்போது கேம் செய்கிற இடத்தில் இருக்கிறேன். பெரிதாக நினைத்துக்கொள்ளாதே. டயர் கடை மாடியில் ஒரே அறை, நான்கு மேசை, இரண்டு மின்விசிறி. ஒன்று சுற்றும். முதலாளி முன்பு போன் ரிப்பேர் செய்தவர், அதனால் எல்லோருக்கும் அவர் பேட்டரி அண்ணன். கம்ப்யூட்டர் கோடு எழுதுவது ஒரு கணக்கு டீச்சர். பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வந்தவர், இன்னும் எங்களைப் பின்வரிசைப் பிள்ளைகள் மாதிரிதான் பார்ப்பார். படம் அசைய வைப்பது நான்.

சண்டை கேம்தான். வெளிநாட்டு வாள்வீரன் யாரும் கிடையாது. நம் தெருவில் இருப்பவர்கள்தான்: பஸ் கண்டக்டர், கறி வெட்டுகிறவர், கத்தரிக்கோலோடு ஒரு தையல்காரி. கண்ணாடி உடைந்த மலிவு போனிலும் ஓட வேண்டும் என்பது அண்ணனின் பிடிவாதம். சிக்கல் என்னவென்றால், நான் வரைந்த குத்தைப் பார்த்து அவர் சொன்னார்: "என்னம்மா, அடிக்கறானா, பூப் பறிக்கறானா?"

கேம் சென்டரில் உன்னை எல்லோரும் 'இடக்கை' என்றுதானே கூப்பிடுவார்கள். உனக்குத் தெரியாததா? ஒருவன் அடித்தால், அடி வாங்கியவன் உடம்பு என்ன செய்யும்? எனக்கு எழுதி அனுப்பு. இதைப் பிரித்துப் படிக்கும் அதிகாரி ஐயாவுக்கும் வணக்கம். இது விளையாட்டுக்காகக் கேட்பதுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் அக்கா

பிப்ரவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். அம்மாவின் வாய் இறங்கவில்லை என்று கேட்டு நிம்மதி. அது இறங்கினால்தான் பயப்பட வேண்டும்.

என் அறையில் இப்போது ஒரு ரொட்டிக்காரர் இருக்கிறார். ஐம்பது வயது, கதவை அடைக்கிற உடம்பு. முதலாளி ஏமாற்றினார் என்று பூட்டிக் கிடந்த பேக்கரிக்குத் தீ வைத்தவர். தூக்கத்தில் போர்வையை மாவு மாதிரி பிசைகிறார். காலையில் அவருடைய போர்வை எப்போதும் உருண்டையாகத்தான் இருக்கும்.

நீ கேட்டது. அடி வாங்கியவன் உடனே பின்னால் போய் விழமாட்டான். அது சினிமா. முதலில் அவனுக்கு ஆச்சரியம்தான் வரும். நின்று, அடித்தவன் முகத்தைப் பார்ப்பான். கை வாய்க்குப் போகும், விரலைப் பார்ப்பான், பிறகுதான் முழங்கால் மடங்கும். இதை விட்டுவிட்டதால்தான் உன் ஆள்கள் பூப் பறிக்கிறார்கள்.

அன்றைக்குச் சென்டரில் நான் ஸ்டூலால் அடித்தபோதும் அப்படித்தான் நடந்தது. இறுதி ஆட்டத்தில் தோற்றேன், அவன் சிரித்தான், அவ்வளவுதான். தாடை உடைந்த சத்தம் பச்சைக் குச்சியை ஒடிக்கிற மாதிரி இருந்தது. மூன்று பல் கன்ட்ரோலர்மேல் விழுந்தன. அவன் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையிலேயே என் கோபம் போய்விட்டது, அக்கா. இரண்டாவது அடியும் மூன்றாவது அடியும் கோபமில்லாமல் அடித்தேன். கை தானாகப் போய்க்கொண்டிருந்தது. உன் கண்டக்டருக்கும் அப்படி வை. முதல் குத்து கோபத்தில் வரட்டும். மற்றது பழக்கத்தில் வரட்டும்.

அம்மாவிடம் இந்தக் கடிதத்தின் முதல் இரண்டு பத்தியை மட்டும் படித்துக் காட்டு.

உன் தம்பி

மார்ச் 10

அன்புள்ள தம்பிக்கு,

நலம். உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு அந்த இரண்டு பத்தியை மட்டும் இரண்டு தடவை படித்தேன். ரொட்டிக்காரர் நல்லவராகத் தெரிகிறார், அவரோடு ஒட்டிக்கொள்ளச் சொல் என்றாள்.

மற்றதை நான் மூன்று தடவை படித்தேன். நீ இதைக் கோர்ட்டிலும் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. அதைத் தபாலில் பேச முடியாது. அதனால் வேலையைப் பற்றியே எழுதுகிறேன்.

நீ சொன்ன அந்த ஆச்சரியத்தை வைத்தேன். கண்டக்டர் அடி வாங்கி, நிமிர்ந்து பார்த்து, விரலைப் பார்த்து, மடங்குகிறார். அண்ணன் பார்த்துவிட்டு நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். "யாரு சொன்னா உனக்கு இதை?" என்றார். தெரிந்த ஒருவர் என்றேன். சத்தத்துக்கு ஈரச் சாக்கை மட்டையால் அடித்தோம். எலும்புக்கு முட்டைக்கோஸ் தண்டு. இருபது கோஸ் ஆனதும் கீழே டயர் கடைக்காரர் ஏறி வந்து, மேலே கொலை எதுவும் நடக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

இன்னும் இரண்டு வேண்டும். விலா எலும்பில் அடி விழுந்தவன் எப்படி எழுந்து நடப்பான்? அப்புறம் ஒரு புதிய இடம். தெரு, பஸ் நிலையம், சந்தை எல்லாம் வரைந்தாகிவிட்டது. எல்லா கேமிலும் இருக்கிற மாதிரியே இருக்கிறது. உனக்கு ஏதாவது தோன்றினால் எழுது. உனக்கு அங்கே யோசிக்க நேரம் இருக்குமே.

சாப்பாட்டைத் தள்ளாதே.
உன் அக்கா

ஏப்ரல் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். எழுத்து கோணலாக இருக்கும். இடது மணிக்கட்டில் சின்னச் சுளுக்கு, வலது கையால் எழுதுகிறேன். குழாயடியில் வழுக்கிவிட்டது. அம்மாவிடம் சொல்லாதே. தாமதத்துக்கும் அதுதான் காரணம்.

விலா எலும்பு. நடப்பது கஷ்டமில்லை. சிரிப்பதுதான் முடியாது. ரொட்டிக்காரர் ஜோக் சொன்னால் வாயைப் பொத்த வேண்டியிருக்கும். மூச்சு முழுதாக வராது, தேநீர் உறிஞ்சுகிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக வரும். தும்மல் வந்தால் சுவரைப் பிடித்துக்கொள்வான். அடிபட்ட பக்கத்து முழங்கையை வயிற்றோடு ஒட்டி வைத்துக்கொள்வான், யாரோ திருட வருகிற மாதிரி. அதை வரை.

இடத்துக்கு ஒரு யோசனை. துணி துவைக்கும் முற்றம். நான்கு பக்கமும் உயர்ந்த சுவர். நடுவில் சிமெண்டுத் தொட்டி, மார்பளவு உயரம், விளிம்பு உடைந்து கூராக இருக்கும். ஒரு சுவரில் ஒன்பது குழாய்கள். மூன்றாவதுக்குத் தலை கிடையாது, துணி சுற்றிக் கட்டியிருக்கும். தரை எப்போதும் ஈரம். வராந்தாவில் ஐந்து பிளாஸ்டிக் நாற்காலிகள். ஞாயிறு காலை, தலை எண்ணி முடித்ததும், இரண்டு பேரை இறக்குவார்கள். நடுவராக ஒருவன். அவன் பெயர் விசில். ஊதினால் தொடங்க வேண்டும், மறுபடி ஊதும்வரை நிறுத்தக் கூடாது. ஆட மாட்டேன் என்கிறவனை நான்கு பேர் நனைத்த கயிற்றால் அடிப்பார்கள். கயிறு காய்ந்திருந்தால் தோல் கிழியும், நனைந்திருந்தால் கிழியாது. நாற்காலியில் இருப்பவர்கள் சிகரெட்டைப் பந்தயம் கட்டுவார்கள்.

தபால் பார்க்கும் அதிகாரி கேம் கதை என்றதும் சிரித்துவிட்டு முத்திரை குத்தினார். தனக்கும் ஒரு பிரதி வேண்டுமாம்.

உன் தம்பி

ஏப்ரல் 22

அன்புள்ள தம்பிக்கு,

நலம். மணிக்கட்டுக்கு ஏதாவது மருந்து கொடுத்தார்களா? கொடுக்காவிட்டால் கேட்டு வாங்கு, கூச்சப்படாதே.

உன் முற்றம் தயார். டீச்சர் தொட்டியின் உயரம், நாற்காலிக்கும் தரைக்கும் எவ்வளவு தூரம் என்று என்னைக் குடைந்து எடுத்துவிட்டார். உன் கடிதத்தையே கையில் கொடுத்துவிட்டேன். ஒன்பது குழாயும் சொட்டுகின்றன. விசிலுக்கு நான் ஒரு தொப்பையும், கட்டைவிரலை இடுப்புப் பட்டையில் செருகிக்கொண்டு நிற்கிற திமிரும் கொடுத்தேன். இவ்வளவு நன்றாக நாங்கள் எதையும் செய்ததில்லை என்று அண்ணன் சொல்கிறார். டெமோவாக இந்த ஒரு இடத்தை மட்டும் அடுத்த திங்கட்கிழமை வெளியே விடுகிறோம்.

நடுவில் தொட்டி சும்மா நிற்பது எனக்கு உறுத்தியது. அதனால் நானே ஒன்றைச் சேர்த்தேன். எதிராளி எழ முடியாமல் கிடக்கும்போது இரண்டு பட்டனைச் சேர்த்து அழுத்தினால், தலையைப் பிடித்துத் தூக்கித் தொட்டி விளிம்பில் மோதலாம். 'தொட்டி அடி' என்று பெயர். பதினான்கு படம் வரைந்தேன். சோதித்துப் பார்த்தவர்கள் எல்லோரும் அதையே திரும்பத் திரும்பச் செய்கிறார்கள்.

ஒன்று கேட்க வேண்டும். உனக்கு எப்போதாவது விலா எலும்பில் அடிபட்டிருக்கிறதா? எனக்கு நினைவில்லை. சும்மாதான் கேட்டேன்.

உன் அக்கா

மே 20

தம்பி,

இந்தக் கடிதம் தபாலில் வரவில்லை. இலவச சட்ட உதவி வக்கீலம்மா கையில் கொடுத்தனுப்புகிறேன். அதை யாரும் பிரிக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறதாம். அதனால் நேராக எழுதுகிறேன்.

டெமோ மூன்று வாரத்தில் அறுபதாயிரம் போனில் இறங்கியது. நாங்கள் தலைகால் புரியாமல் இருந்தோம். கீழே கருத்து எழுதுவார்களே, டீச்சர் ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டுவார். ஒருவர் எழுதியிருந்தார்: "மூணாவது குழாய்க்குத் தலை கிடையாது, சரியாப் போட்டிருக்கீங்க. நான் அங்க ரெண்டு வருஷம் துணி துவைச்சேன்." இன்னொருவர்: "விசில் இன்னும் அங்கதான் இருக்கானா? என் காது போனது அவனாலதான்." அப்படி ஏழு பேர். டீச்சர் படிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "இதை யாரும் யோசிச்சு எழுதலம்மா. பார்த்து எழுதியிருக்காங்க" என்றார்.

நான் எவ்வளவு மடைச்சி. உள்ளே போகும்வரை உனக்கு விலா எலும்பு உடைந்ததே இல்லை. வலது கையால் நீ ஒரு வரிகூட எழுதியதில்லை. விலா எலும்பு எப்படி வலிக்கும் என்று நான் உன்னிடம் கேட்டேன், நீ பதில் சொன்னாய், நான் அதைப் படமாக வரைந்து கைத்தட்டல் வாங்கினேன்.

மறுநாளே பஸ் ஏறினேன். பத்து மணி நேரப் பயணம். தண்டனை அறையில் இருக்கிறாய், பார்க்க முடியாது என்று கதவிலேயே திருப்பிவிட்டார்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி வந்தேன், அதே பதில். அதன் பிறகுதான் வக்கீலம்மாவைத் தேடிப் பிடித்தேன்.

மறைக்காமல் எழுது. உயிரோடு இருக்கிறேன் என்று முதலில் எழுது.

அக்கா

மே 25

அன்புள்ள அக்காவுக்கு,

உயிரோடு இருக்கிறேன். வக்கீலம்மா எதிரில் உட்கார்ந்திருக்கிறார், நேரம் அதிகமில்லை. அம்மாவுக்கு நலம் என்று மட்டும் சொல்.

ரொட்டிக்காரர் இறந்துவிட்டார். மே பத்தாம் தேதி, ஞாயிறு. குளிக்கும்போது வழுக்கி விழுந்ததாக எழுதியிருக்கிறார்கள். அப்படி இல்லை.

விசில் இங்கே வார்டர். உன் டெமோ எப்படியோ அவர் போனுக்கு வந்துவிட்டது. கோபப்படுவார் என்று நினைத்தேன். இல்லை. சந்தோஷப்பட்டார். நாற்காலிக்காரர்கள் எல்லோருக்கும் காட்டினார். என் தொப்பையைக்கூட விடவில்லை பாருங்கள் என்று சிரித்தார். எழுதியது யார் என்று தபால் அதிகாரியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். அந்த ஞாயிறு என்னையும் ரொட்டிக்காரரையும் இறக்கினார்.

முன்பே பேசி வைத்திருந்தோம். எங்களை ஒருநாள் சேர்த்து இறக்குவார்கள் என்று தெரியும். ஒரு மாதமாக அறையில் அவருக்கு விழப் பழக்கியிருந்தேன். நான் காற்றில் குத்துவேன், அவர் ஆச்சரியப்பட்டு, விரலைப் பார்த்து, மடங்குவார். நன்றாகவே நடித்தார். பெரிய உடம்பு, ஆனால் பூனை மாதிரி விழுவார். முற்றத்திலும் மூன்று தடவை விழுந்தார். நாலாவது தடவை விசில் ஊதினார். "என்ன, நாடகமா?" என்றார். கயிற்றுக்காரர்களைக் கூப்பிட்டார். ரொட்டிக்காரருக்கு எட்டு அடி. நான் தடுக்கப் போனேன், என்னைத் தரையில் போட்டு கழுத்தில் மிதித்துப் பிடித்துக்கொண்டார்கள்.

அவரை எழுப்பி நிறுத்தினார்கள். காலைப் பரப்பி நின்றார். என் பக்கம் சாய்ந்து சொன்னார்: "அடிச்சு முடிச்சுடு தம்பி. குத்து தாங்குவேன். கயிறு தாங்காது."

அடித்தேன். நிஜமாகவே. காதுக்குக் கீழே, இடது கையால். அடித்தால் மயங்கிவிடுவார், அத்தோடு விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். அவர் விழுந்தார், அசையவில்லை. நான் விசிலைப் பார்த்தேன். அவர் போனைத் தூக்கிக் காட்டினார். "தொட்டி அடி பாக்கி இருக்கு" என்றார். நாற்காலியில் இருந்தவர்கள் தட்டினார்கள்.

தலையைப் பிடித்துத் தூக்கினேன். விளிம்புக்கு ஒரு விரற்கடை முன்னால் நிறுத்திவிடலாம் என்று நினைத்தேன். அவ்வளவு அளவாக என் கை நிற்கும், உனக்குத் தெரியும். நிறுத்தப் பார்த்தேனா, ஈரத்தில் கால் வழுக்கியதா, இல்லை சென்டரில் போல கை தானாகப் போய்விட்டதா? பதினைந்து நாளாக யோசிக்கிறேன். எனக்கே தெரியவில்லை. சத்தம் முட்டைக்கோஸ் மாதிரி இல்லை, அக்கா. எதைப் போலவும் இல்லை.

அவருக்கு ஒரு மனைவி இருக்கிறார். நம் ஊர்தான். தண்ணீர்த் தொட்டித் தெருவில் தையல் வேலை.

தம்பி

ஜூன் 9

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா நலம். இதையும் வக்கீலம்மா கையில்தான் கொடுத்தனுப்புகிறேன்.

அந்த அடியை வரைந்தது நான். விசில் இல்லை, நீ இல்லை. தொட்டி சும்மா நிற்கிறதே என்று நானாகச் சேர்த்தேன். நீ இவ்வளவு எழுதியும் ஒரு இடத்திலும் அதைச் சொல்லவில்லை. சொல்லித் திட்டியிருக்கலாம்.

அண்ணனிடம் சொன்னேன். "ஒரு ஆளு செத்துட்டாரா?" என்று மூன்று தடவை கேட்டார். அன்றே டெமோவை யாருக்கும் கிடைக்காதபடி எடுத்துவிட்டார். ஆனால் ஏற்கெனவே போனுக்குள் போனதை என்ன செய்வது? நேற்று பஸ்ஸில் என் பக்கத்தில் ஒரு காலேஜ் பெண் அதைத்தான் ஆடிக்கொண்டு வந்தாள். தொட்டி அடியைச் செய்துவிட்டுத் தோழியிடம் காட்டிச் சிரித்தாள். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி மீதித் தூரத்தை நடந்தே போனேன்.

அவர் மனைவியைப் போய்ப் பார்த்தேன். துணி தைக்கக் கொடுக்கிற சாக்கில் போனேன், பிறகு இன்னாருடைய அக்கா என்று சொல்லிவிட்டேன். உட்காரச் சொன்னார். உடம்பைக் குளிப்பாட்டியவர் அவர்தான். முதுகெல்லாம் நீலம் பாய்ந்திருந்ததாம். "வழுக்கி விழுந்தா முதுகு எப்படிம்மா அப்படி ஆகும்?" என்று கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார். அப்புறம், "உங்க தம்பியும் அதே ரூம்தானே. ஏதாவது எழுதினானா?" என்றார்.

இல்லை என்றேன். துணிக்கு அளவு கொடுத்துவிட்டு வந்தேன்.

கேள். உனக்கு இன்னும் நான்கு மாதம்தான். வழுக்கி விழுந்தார் என்று அவர்களே எழுதிவிட்டார்கள். நீ சொன்னால் அவர்கள் நீதான் கொன்றாய் என்பார்கள். வாயைத் திறக்காதே. அந்த அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன், கடைசிவரை பார்த்துக்கொள்கிறேன். நீ வெளியே வந்தால் போதும். உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

அக்கா

ஜூன் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இதை நான் சொல்லச் சொல்ல வக்கீலம்மா எழுதுகிறார். இடது கை கதவில் நசுங்கிவிட்டது. தானாகச் சாத்திக்கொண்ட கதவு என்று எழுதியிருக்கிறார்கள். நான்கு தடவை தானாகச் சாத்திக்கொண்டது.

பன்னிரண்டாம் தேதி நீதிபதியிடம் வாக்குமூலம் கொடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன், நான் செய்ததையும் சேர்த்து. உன் கடிதம் அதற்கு முன்பே வந்துவிட்டது. படித்துவிட்டுத்தான் போனேன்.

நீ இல்லை என்று சொன்னாயே, அந்த அம்மா இன்னும் யார் யாரையோ போய்க் கேட்டுக்கொண்டிருப்பார். அதை நினைத்துக்கொண்டு நான் வெளியே வந்து என்ன செய்வேன்? கேம் ஆடுவேனா?

என் கடிதங்களை வக்கீலம்மாவிடம் கொடுத்துவிடு. ஏப்ரல் கடிதம் முக்கியம்.

தம்பி

ஆகஸ்ட் 30

அன்புள்ள தம்பிக்கு,

நலமா? கையில் ஆணி வைத்துக் கட்டியிருக்கிறார்கள் என்று வக்கீலம்மா சொன்னார். வேறு ஊருக்கு மாற்றியது ஒருவகையில் நிம்மதி. அம்மாவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. மூன்றாம் நாள் காலண்டரைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டாள்.

இரண்டு மாதமாக நான் ஏன் எழுதவில்லை என்று உனக்குத் தெரிந்திருக்கும். அல்லது வக்கீலம்மா சொல்லாமல் விட்டிருப்பார். நானே சொல்கிறேன்.

உன் கடிதங்கள் இல்லை. ஜூன் பத்தாம் தேதி, உனக்கு எழுதிய மறுநாள், மாடியில் ஒரு பெயிண்ட் டப்பாவில் போட்டு எல்லாவற்றையும் எரித்தேன். யார் கையிலாவது கிடைத்தால் நீ தொலைந்தாய் என்று நினைத்தேன். நீ அதற்கு இரண்டு நாள் கழித்து நீதிபதி முன்னால் போய் நிற்பாய் என்று எனக்குத் தெரியாது.

வக்கீலம்மா கேட்டபோது எரித்துவிட்டேன் என்றேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். விசில் அதற்குள் வாக்குமூலம் கொடுத்துவிட்டான். அவன் சொல்வது இதுதான்: நாற்காலியும் இல்லை, விசில் ஊதவும் இல்லை, இரண்டு கைதிகளுக்குள் போர்வைக்காகச் சண்டை, நீ கொன்றாய், ரொட்டிக்காரரைக் காப்பாற்ற இவன் ஓடினான். உன்னைக் காப்பாற்ற நான் வைத்த தீ உன்னைத் தனியாக மாட்டிவிட்டது.

நான்கு நாள் வேலைக்குப் போகவில்லை. ஐந்தாம் நாள் போய் டீச்சரிடம் மட்டும் சொன்னேன். அவர் கோடு எழுதிக்கொண்டே கேட்டார். பிறகு சொன்னார்: "ஏப்ரல் கடிதத்தை நான் அப்பவே போட்டோ எடுத்துட்டேன். தொட்டி அளவுக்காக. நேத்து வக்கீலம்மா உங்களைத் தேடி இங்க வந்தாங்க, அவங்ககிட்ட குடுத்துட்டேன்." என்னைக் கேட்காமலா என்றேன். "கேட்டா வேணாம்னு சொல்லியிருப்பீங்க. நீங்க அவனுக்கு அக்கா, எரிச்சீங்க. எனக்கு அவன் யாரும் இல்ல. அதனாலதான் குடுக்க முடிஞ்சது."

அந்தப் போட்டோவில் ஜெயில் முத்திரை தெளிவாக இருக்கிறது, தேதியோடு. ரொட்டிக்காரர் சாவதற்கு ஒரு மாதம் முன்பே அவர்களே படித்துவிட்டுக் குத்திய முத்திரை. கருத்து எழுதிய ஏழு பேரில் நான்கு பேர் சாட்சி சொல்ல வந்தார்கள். காது போனவர் பக்கத்து ஊரிலிருந்து சைக்கிளில் வந்தார். போன வாரம் விசிலையும் கயிற்றுக்காரர்களில் இருவரையும் கைது செய்திருக்கிறார்கள். கண்காணிப்பாளருக்கு மாற்றல், அவ்வளவுதான்.

உன் வழக்கு தனியாக நடக்கும் என்கிறார்கள்.

அந்த அம்மாவிடம் போய் உண்மையைச் சொன்னேன். நான் பொய் சொன்னதையும், வரைந்ததையும். தைத்து வைத்திருந்த துணியை என் கையில் கொடுத்துக் கதவைச் சாத்திக்கொண்டார்.

எரித்ததற்கு நீ என்னை மன்னிக்க வேண்டாம். பதில் மட்டும் எழுது.

உன் அக்கா

டிசம்பர் 12

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இதுவும் வலது கைதான், பழகிக்கொண்டேன். இடது கை மூடாது, தட்டைப் பிடிக்கும். இங்கே சாப்பாடு பரவாயில்லை, யாரும் யாரையும் முற்றத்தில் இறக்குவதில்லை. அம்மாவின் சர்க்கரை எவ்வளவு என்று எழுதவே இல்லை நீ.

தீர்ப்பைப் பேப்பரில் பார்த்திருப்பாய். எனக்கு இன்னும் நான்கு வருடம். விசிலுக்குப் பத்து. நிறுத்தப் பார்த்தாயா இல்லையா என்று நீதிபதி கேட்டார். தெரியாது என்றேன். தெரியாது என்பதற்குத்தான் நான்கு வருடம் என்று வக்கீலம்மா சொல்கிறார். நிறுத்தப் பார்த்தேன் என்று சொல்லியிருந்தால் இரண்டு கிடைத்திருக்குமாம்.

நீ எரித்ததைப் பற்றி எனக்குக் கோபம் இருந்தது. செப்டம்பர் முழுக்க இருந்தது. உன் இடத்தில் நான் இருந்தாலும் எரித்திருப்பேன் என்று அக்டோபரில் தோன்றியது. உடனே எழுதியிருக்கலாம். எழுதவில்லை. அதற்கு நீ என்னை மன்னிக்க வேண்டாம்.

இன்னொன்று. போன சனிக்கிழமை அந்த அம்மா வந்திருந்தார். பார்வையாளர் அறையில் இங்கே கம்பி கிடையாது, நடுவில் ஒரு மேசை, அவ்வளவுதான். பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார். பிறகு எந்தக் கை என்று கேட்டார். மேசைமேல் வைத்தேன். பார்த்துக்கொண்டே இருந்தார். தன் கணவர் கடைசியாக என்ன சொன்னார் என்று கேட்டார். சொன்னேன், ஒரு வார்த்தை விடாமல்.

எழுந்தார். போகிறார் என்று நினைத்தேன். மேசையைச் சுற்றி வந்து என் முகத்தில் குத்தினார், அக்கா. அறை இல்லை, மூடிய கையால் குத்து. அடிக்கத் தெரியாதவர், தன் விரலைத்தான் உடைத்துக்கொண்டிருப்பார். என் உதடு கிழிந்தது. மறுபடியும் குத்தினார். நான் கையைத் தூக்கவில்லை. வார்டர் ஓடிவந்தார். ஒன்றுமில்லை ஐயா, நானே இடித்துக்கொண்டேன் என்றேன். அவர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு வாசலுக்குப் போய் நின்றுகொண்டார்.

அந்த அம்மா திரும்பவும் நாற்காலியில் உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. கையை மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டார். நேரம் முடிந்ததாக மணி அடிக்கும்வரை அப்படியே இருந்தார். எழுந்து பையை எடுத்துக்கொண்டு, "அடுத்த மாசமும் வருவேன்" என்றார்.

வாங்க என்றேன்.

இங்கே மாதத்துக்கு இரண்டு சந்திப்புதான் தருவார்கள். முதல் சனிக்கிழமை அவருக்கு. நீயும் அம்மாவும் மூன்றாவது சனிக்கிழமை வாருங்கள்.

உன் தம்பி